பால்பல்லு தானேன்னு விட்டுராதீங்க மக்கா

மேல்பல்லு எடுத்தா கண்பார்வை போயிரும்னு இன்னும் நம்ம நாரோயில் பக்கம் சொல்லுதாவ, அது சுத்தப் பொய், பல்லுக்குப் போற நரம்பு வேற பார்வைக்குள்ள நரம்பு வேற, பயந்துட்டு சீழோட வச்சிருந்தாத்தான் ஆபத்து. அதவிட எனக்கு மனசு கஷ்டம் பால்பல்லு விசயம்தான். விழப்போற பல்லுக்கு எதுக்கு டாக்டர்னு கேக்காவ. கடவாய்ப் பால்பல்லு விழ 10, 12 வயசாவும், அதுவரைக்கும் பிள்ள என்னத்த வச்சு மெல்லும்? நேத்து பக்கத்து வீட்டுப் பிள்ள நேந்திரங்கா சிப்ஸ கடிக்க முடியாம வாயில ஊறவச்சு ஊறவச்சுத் தின்னுது, கிட்ட போனா கிராம்பு எண்ணெய் வாசம். கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான், சொத்தை ஆறாது. சீழ் வேருக்கு இறங்கிட்டுன்னா அடியில வளருற புதுப்பல்லும் கெட்டுப்போவலாம். அவ அம்மாட்ட சொல்லியிருக்கேன், திங்கக்கிழமை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறாவ.