கீரைக்காரம்மா வராத நாட்கள்

மார்ச் 24, 2020, செவ்வாய்

கொரோனாவுக்காகச் சாயங்காலம் 6 மணியிலிருந்து 144 தடை உத்தரவு என்றதும் தெருமுனை மளிகைக்கடையில் நிற்க இடமில்லை. துவரம்பருப்பு இரண்டு கிலோ கேட்டேன். அண்ணாச்சி ஒரு கிலோதான் கட்டினார். "பின்னாடி நிக்கிறவங்களுக்கும் வேணும்ல" என்றார். அப்போது கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார். அரிசி டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஏப்ரல் 4, சனி

ரேஷன் கடையில் இன்று எங்கள் டோக்கன். சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒன்றரை மணி நேரம். அரசு நிவாரணமாக ஆயிரம் ரூபாய், அரிசி, பருப்பு, பாமாயில், சர்க்கரை எல்லாம் கிடைத்தன. எனக்கு முன்னால் கீழ்வீட்டு ஆட்டோ அண்ணன். வண்டி எடுத்துப் பதினொரு நாள் ஆகிறது. அந்த ஆயிரத்தில் முக்கால்வாசி கேஸ் சிலிண்டருக்கே போய்விடுமாம். "அரிசி இருக்கு தம்பி, புளி, மிளகாய், பாலுக்கு என்ன பண்றது?" என்றார். பசி இல்லாமல் பார்த்துக்கொள்வது வேறு, ஒரு வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிவது வேறு என்று அவரைப் பார்த்துத்தான் புரிந்தது. நாளையிலிருந்து கடைகள் மதியம் 1 மணி வரைதான்.

ஏப்ரல் 25, சனி

நாளை முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு. மளிகை, காய்கறிக் கடைகூடக் கிடையாது. அம்மா உணவகம் திறந்திருக்கும். விடிந்ததும் போனேன். ஒரு மாதமாகத் தள்ளித் தள்ளி நின்ற ஜனம் இன்று ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறது. நேற்று 20 ரூபாய்க்கு வாங்கிய தக்காளி இன்று 60. அதுவும் பாதி நசுங்கியது. நான் நான்கு நாளைக்கு வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டேன். ஆட்டோ அண்ணன் வீட்டம்மா கால் கிலோ வெங்காயத்தோடு திரும்பினார். "ஃபிரிட்ஜ் இல்லாத வீட்ல நாலு நாள் காயை எங்க வைக்கிறது? காசும் வேணுமே" என்றார். அவர்கள் பிள்ளைக்கு நாலு வயது. அறிவிப்பு எழுதியவர்கள் கண்ணில் அந்த வீடு பட்டிருந்தால் இரண்டு நாள் அவகாசமாவது கொடுத்திருப்பார்கள். எங்கள் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு அவர்களுக்கு என்று அம்மா சொல்லிவிட்டார்.

மே 5, செவ்வாய்

கோயம்பேடு மார்க்கெட்டை மூடியாயிற்று. அங்கிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் போயிருக்கிறது, மூடியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1996-லிருந்து இந்த ஊரின் காய்கறி முழுக்க அந்த ஒரு வாசலைத்தான் நம்பியிருந்தது. எங்கள் கீரைக்காரம்மா விடியற்காலை 3 மணிக்கு அங்கே போய்க் கட்டு எடுத்து, 7 மணிக்கு எங்கள் வாசலில் கூடையை இறக்குவார். இன்று வரவில்லை.

மே 14, வியாழன்

மொத்த வியாபாரம் ஊருக்கு வெளியே இருக்கும் திருமழிசைக்குப் போய் நாலைந்து நாள் ஆகிறது. லாரி வைத்திருப்பவர்கள் போய் வருகிறார்கள். பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓடாதபோது கூடைக்காரர்கள் எப்படிப் போவார்கள்?

காலையில் "கீரே..." என்று குரல் கேட்டதும் அம்மா ஓடினார். கூடையில் அரைக்கீரை இல்லை, சிறுகீரை இல்லை. முருங்கைக்கீரை மட்டும் எட்டுக் கட்டு. தங்கள் தெருவில் ஒரு வீட்டு மரத்தில் கேட்டு ஒடித்தாராம். காம்பில் ஈரம் இன்னும் காயவில்லை. கட்டு 10 ரூபாய், பழைய விலைதான். அம்மா இரண்டு வாங்கினார், ஒன்று கீழ்வீட்டுக்கு. அப்புறம், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டே, "வித்துட்டுப் போய்த்தாம்மா" என்றார்.