காட்டுக்கோழிக்கு எந்தத் தோட்டா? மாஜோங் தாளில் சுட்டுப் பார்த்த கணக்கு

தோட்டாவில் மலிவு எது என்று கேட்டால் மலேசியாவில், எங்கள் ஊரில், இரண்டு விலை சொல்ல வேண்டும். ஒன்று கடைக்காரர் கேட்கும் ரிங்கிட். மற்றொன்று போலீஸ் தந்த உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கை. அமெரிக்காவில் 25 தோட்டாப் பெட்டிகளைப் பத்துப் பத்தாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இங்கே உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் ஒன்றுகூடக் கிடைக்காது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கெடுபிடி அது. ஆகவே விலை குறைவு என்பதற்காக ஏதோ ஒன்றை வாங்கி, அது பறவையைக் காயப்படுத்திப் பறக்க விட்டால், பணத்தோடு எண்ணிக்கையும் போகிறது. நான் தேடியது வீணாகாத தோட்டாவை.

இந்தக் கெடுபிடியை எங்கள் ஊரான பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் யாரும் பெரிதாகக் குறை சொல்லிக் கேட்டதில்லை. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அதன் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. துப்பாக்கி உரிமம் கேட்பவனை நாலு கேள்வி கேட்டால் தப்பில்லை என்பதே என் கருத்தும்.

என்னிடம் இருப்பது 12 போர் இரட்டைக் குழல். பெரியப்பா தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தபோது, இளஞ்செம்பனைக் குருத்தைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளுக்காக வாங்கியது. அவருக்குப் பின் என் பெயரில் புதிதாக விண்ணப்பித்து உரிமம் பெற்றேன். வலக்குழலின் வாய் சற்று விரிந்தது. இடக்குழல் ஃபுல் சோக், அதாவது வாய் நன்றாக இறுகி, குண்டை அதிகம் சிதறவிடாதது. குழலைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டில் முத்திரைகள் தெரியும். அங்கே தோட்டா உட்காரும் அறையின் நீளம் 2¾ அங்குலம் என்று பொறித்திருந்தது. பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது. 70 மி.மீ.க்கு மேல் நீளமான தோட்டா இதற்கு ஆகாது. பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு, நுனியை மூடியிருந்த மடிப்பு விரிந்த உறையின் நீளம். சுடாத மூன்று அங்குலத் தோட்டாவும் இந்த அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுட்டால், மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் தாறுமாறாக ஏறும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அறையே 65 மி.மீ.தான். அவற்றை வைத்திருப்பவர்கள் 70 மி.மீ. பெட்டியைக்கூடக் கையில் எடுக்கும் முன் முத்திரையைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பையில் இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறையில் நிற்காமல் வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகவே 20 போர் உறைக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் வந்தது.

பறவை விஷயத்தில் சட்டம் தெளிவு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கோழி பாதுகாக்கப்பட்ட இனம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தரும் வேட்டை உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. இருவாச்சி போன்றவை முழுப் பாதுகாப்பில் இருக்கின்றன. துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் வெவ்வேறு. தோட்ட நிர்வாகியின் அனுமதி மூன்றாவது. பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்க்கும் கோழிகள் தோட்ட ஓரத்தில் காட்டுச் சேவலோடு கலந்து குஞ்சு பொரித்திருக்கும். காட்டுக்கோழிக்குரிய சாம்பல் கால், வால் அடியில் வெள்ளைத் திட்டு இரண்டையும் பார்க்காமல் சுட்டால், மாலையில் கோழிக்குச் சொந்தக்காரரான மலாய்ப் பெரியவர், பாக்சிக் ஒருவர், வாசலில் வந்து நிற்பார். அது நியாயமும்கூட.

இனி தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சிறு ஈயக் குண்டுக்கு வருகிறேன். நம்பர் ஏற ஏறக் குண்டு சிறுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாருடைய நம்பர் என்பதில்தான் குழப்பம். அமெரிக்க நம்பரில் விட்டத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. 17இலிருந்து நம்பரைக் கழித்தால், அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். ஆறாம் நம்பர் என்றால் 11, அதாவது 0.11 அங்குலம், சுமார் 2.8 மி.மீ. பிரிட்டிஷ் ஆறாம் நம்பரோ 2.6 மி.மீ.தான். அமெரிக்கரின் ஆறு பிரிட்டிஷாரின் ஐந்து. அமெரிக்கரின் ஏழரை, 2.4 மி.மீ., பிரிட்டிஷாரின் ஏழு. ஈப்போவில் துப்பாக்கிக் கடையில் இரு வகைப் பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தன. நம்பரை மறந்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் மில்லிமீட்டரைப் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தலைவலி விட்டது.

மூன்று வகை வாங்கினேன். வீசியெறியும் களிமண் தட்டைச் சுட்டுப் பழகுவதற்கான 28 கிராம், அமெரிக்க ஏழரை. இருப்பதிலேயே விலை குறைந்தது. அடுத்தது 32 கிராம், அமெரிக்க ஆறு. மூன்றாவது 36 கிராம், அமெரிக்க நான்காம் நம்பர். விலையும் கூடுதல், பெட்டியின் மேல் படமும் கூடுதல். குண்டுக் கணக்கு போட்டால் முதலாவதில் சுமார் 350 குண்டு, இரண்டாவதில் சுமார் 250, மூன்றாவதில் 170 அளவில் இருக்கும். அதிக எடை, அதிக விலை, குறைந்த குண்டு. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரு கணம் யோசிக்கிறார்கள்.

சுடும் மன்றத் திடலில் தாள் கட்ட இடம் கேட்டு வாங்கினேன். மாஜோங் தாள் என்று இங்கே விற்கும் பெரிய வெள்ளைத் தாள்கள் இரண்டை ஒட்டிப் பலகையில் அறைந்தேன். நூல்களில் சொல்லும் முறைப்படி 40 கெஜத் தூரத்தில், அதாவது 36.6 மீட்டரில், 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு குண்டு விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஃபுல் சோக் என்றால் 70, இறுக்கமே இல்லாத குழல் என்றால் 40 என்பது பொதுக் கணக்கு. எனக்கு அந்தத் தூரம் உதவாது. செம்பனையை முக்கோண வரிசையில் ஒன்பது மீட்டர் இடைவெளியில் நட்டிருக்கிறார்கள். கோழி எழும்பும் இடத்திலிருந்து மூன்று மரம் தாண்டினால் மட்டைகள் மறைத்துவிடும். ஆகவே என் தூரம் 27 மீட்டர்.

வட்டத்தைச் சுடுவதற்கு முன் வரையக் கூடாது. சுட்ட பிறகு, குண்டு நெருக்கமாக விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து, அங்கே ஆணி வைத்து, 38 செ.மீ. நூல் கட்டிச் சுற்ற வேண்டும். முன்னதாக வரைந்தால் தோட்டாவைச் சோதிக்கிறோமா, நம் குறியைச் சோதிக்கிறோமா என்று தெரியாமல் போகும். தம்பி மகன் சிவப்பு மார்க்கரால் ஒவ்வொரு துளையிலும் புள்ளி வைத்து, பத்துப் பத்தாக வளைத்துக் கட்டிக்கொண்டே வந்தான். அவனுக்கு அது விளையாட்டு. எனக்குக் கண் பூத்துப்போகும் வேலை.

எண்ணிக்கையைவிட அட்டைக் கோழி அதிகம் சொன்னது. இறகை நீக்கினால் எவ்வளவு உடம்பு மிஞ்சுமோ அந்த அளவுக்கு அட்டையில் கோழி உருவம் வெட்டி, தாளின் மேல் இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் நாலைந்து துளை உள்ளே வந்தால் அந்தத் தோட்டா தேறும். 36 கிராம் நான்காம் நம்பர், வலக்குழலில் சுட்ட தாளில், அட்டையை வைக்குமளவுக்கு வெற்றிடங்களை விட்டிருந்தது. இரண்டே துளை பட்ட இடங்களும் உண்டு. அப்படிப் பட்ட கோழி புதருக்குள் போய் இரவெல்லாம் துடித்துச் சாகும். தோளில் வாங்கிய உதை தனிக் கணக்கு.

ஏழரை நேர்மாறு. இடக்குழலில் சுட்டபோது தாளின் நடுப்பகுதி அரித்தெடுத்த சல்லடை. அதில் அகப்படும் கோழியைக் குழம்பு வைத்தால் ஈயத்தைத் துப்பிக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். வலக்குழலில் அழகாகப் பரவியது. ஆனாலும் ஏழரைக் குண்டு லேசானது. குறுக்கே பறக்கும் பறவைக்குப் போதும். நம்மை விட்டு விலகிப் பறக்கும் சேவலின் முதுகையும் இரைப்பையையும் தாண்டி உள்ளுறுப்புக்குப் போக அதற்குத் தெம்பு போதாது. காட்டுக்கோழியோ பெரும்பாலும் முதுகைக் காட்டித்தான் எழும்பும்.

மலிவுத் தோட்டாவில் வேறொரு குறையும் உண்டு. ஈயத்தைக் கடினமாக்கச் சேர்க்கும் ஆன்டிமனி அதில் குறைவாக இருக்கும். மென்மையான குண்டு வெடிப்பின் அழுத்தத்தில் சப்பையாகி, பாதை விலகி ஓடும். தாளின் ஓரத்தில் தனியாகத் திரிந்த துளைகள் அவைதான். திடலில் குண்டைத் தாங்கிச் சென்ற பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பொறுக்கிப் பார்த்தேன். நான்கு இதழும் சீராக மடங்கியிருந்தவை 32 கிராமுக்குரியவை. இதழ்களின் உட்புறத்தில் ஒவ்வொரு குண்டும் அழுத்திய சின்னக் குழி வரிசையாகத் தெரிந்தது. விரலால் தடவினால் தட்டுப்பட்டது.

32 கிராம் ஆறாம் நம்பர் இரு குழலிலும் தேறியது. வலக்குழலில் வெற்றிடம் அதிகமில்லை. இடக்குழலில் கொஞ்சம் நெருக்கம், அதனால் அதை இரண்டாவது வெடிக்கு, பறவை தூரம் போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தாளைச் சுருட்டி வந்து ஊரில் எல்லாரும் மாமா என்று அழைக்கும் பழைய மண்டோரிடம், அதாவது தோட்ட மேற்பார்வையாளரிடம், விரித்துக் காட்டினேன். அவர் பெரிய குண்டுக் கட்சி. நெடுநேரம் பார்த்தார். "கோழி தாள் மாதிரி அசையாமல் நிற்குமா, தம்பி?" என்றார். சரியான கேள்வி. நிற்காததால்தான் வெற்றிடம் இல்லாத தாள் வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தேநீருக்குக் காசு மட்டும் கொடுத்தார்.

பெரிய குண்டு வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணமும் இருக்கிறது. குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200 ஆல் பெருக்கினால், அது அதிகபட்சம் எத்தனை கெஜம் போகும் என்பது தோராயமாகத் தெரியும். ஆறாம் நம்பர் 242 கெஜம், சுமார் 220 மீட்டர். நான்காம் நம்பர் 260 மீட்டரைத் தாண்டும். பன்றிக்குப் போடும் எஸ்ஜி என்ற பெரிய குண்டு 600 மீட்டருக்கும் மேல். காலையில் எந்தப் பக்கம் குலை வெட்டுகிறார்கள், உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டிலேயே கேட்டுக்கொள்கிறேன். கோழியும் அதே உதிரிப் பழத்துக்குத்தான் வருகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பி எழும்பினால் துப்பாக்கியை இறக்கிவிடுகிறேன், எந்த நம்பர் போட்டிருந்தாலும்.

இரும்புக் குண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுவதும் ஈயம் தடை. ஈயம் நஞ்சு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரும்பு லேசானது, இரண்டு நம்பர் பெரிதாகப் போட வேண்டும். என்னுடையதைப் போன்ற பழைய ஃபுல் சோக் குழலுக்கு அது கேடு. ஆகவே ஈயத்தையே சுட்டு, கறியை அரியும்போது துளையைச் சுற்றிக் கையளவு சதையை வெட்டி எறிகிறேன்.

மழைக்காலத்தில் மலிவுத் தோட்டாவின் அடிப்பூண் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. பூச்சு பூசிய இரும்பு அது. துருப்பிடித்தது அறையில் ஒட்டிக்கொண்டு, சுட்ட பிறகு வெளியே வர மறுக்கும். டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறேன். மாதம் ஒரு முறை பூணைத் துணியால் துடைக்கிறேன்.

உரிமத்தில் மிச்சமிருந்த எண்ணிக்கையில் பெரும்பகுதியை ஆறாம் நம்பருக்கே கொடுத்துவிட்டேன். கொஞ்சம் ஏழரை, தட்டு சுட்டுக் கைப்பழக்கம் விடாமல் இருக்க. இதே 32 கிராமில் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பதில் நார் அடைப்பு வைத்த வகை வந்தால் சொல்லுமாறு கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். இடக்குழலின் நெருக்கத்தை அது கொஞ்சம் தளர்த்தும் என்று நினைக்கிறேன். மாஜோங் தாள் இன்னும் நாலைந்து சுருளில் மிச்சமிருக்கிறது.