கொடி இறங்கிய இரண்டு மாதங்கள்

சென்னைக் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் பழைய வாள்களையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் போனது கொடிமரத்துக்காக. கடலைப் பார்த்து நிற்கும் அந்த இடத்திலிருந்துதான் பழைய மதராஸ் கப்பல்களோடு பேசியது.

மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் அவற்றுக்கும் நடுவே அலைகள் உருண்டு உடையும். கம்பெனி காலத்தில் அக்டோபர் 15 அன்று கோட்டைக் கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை ஏற்ற மாட்டார்கள். வடகிழக்குப் பருவக்காற்றின் புயல்கள் வரும் மாதங்கள் அவை. இனி இங்கே நிற்பது ஆபத்து, நின்றால் அது உங்கள் பொறுப்பு என்பதுதான் சேதி. மற்ற நாட்களிலும் அலை மிஞ்சினால் படகு விட முடியாது என்று கரையிலிருந்து கொடி காட்டுவார்கள்.

கொடியில் சொல்ல முடியாததைக் கடிதமாக அனுப்ப வேண்டும். கப்பலுக்கும் கரைக்கும் ஆளும் சரக்கும் ஏற்றிப் போன மசூலா படகே இறங்கத் தயங்கும் அலையில் அதைக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். தண்ணீர் புகாதபடி முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு அலைக்குள் பாய்வார்கள். கவிழ்ந்தால் நீந்திப் போய் மரத்தைப் பிடித்து ஏறிக்கொள்வார்கள். அந்தக் கடிதங்களின் கீழே அதிகாரியின் பெயர் இருக்கும். கொண்டுபோய்ச் சேர்த்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது. இது எனக்கு உறுத்துகிறது. அவர்கள் இல்லாமல் அந்தக் கப்பல்துறையே நடந்திருக்காது.

அருங்காட்சியகக் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் 1796இல் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது, தேங்காய் எண்ணெயில். 1844இல் கருங்கல் தூண் ஒன்றுக்கு விளக்கு மாறியது. இன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறதே, அந்தத் தூண்தான். 1894இல் நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்துக்கே விளக்கு போனது. மெரினாவுக்கு வந்தது 1977இல். மெரினாவைத் தவிர மற்ற மூன்றும் நடந்தே பார்க்கிற தூரம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விளக்கு எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை மைலுக்குத் தெரியும், எப்படி எரியும் என்று கடலோடிகளுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அது போய்ச் சேராத கப்பலுக்கு விளக்கே பொய் சொல்லும்.

அப்புறம் புயல் கூண்டு, துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் குறி. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு, அடுத்த ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வந்தது 1875இல். அதே ஆண்டு மதராசில் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தத் துறைமுகத்தின் சுவர்களைப் பெயர்த்துப் போட்டது.

இன்றும் நம் துறைமுகங்களில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏறுகின்றன. கூண்டின் எண் கூடக் கூடப் புயல் பலம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்கச் சரியில்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. அதே கணக்கில், இன்னும் கடுமையான புயலுக்கு 8, 9, 10. பக்கத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பும் என்பது அதைப் பொறுத்தது, கப்பலைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அதைப் பொறுத்தது.

கடைசி எண் 11. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்று அதற்குப் பொருள். தந்திக் கம்பி அறுந்தாலும் கரையில் நிற்கும் ஒருவர் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.