கறிவேப்பிலைத் தொட்டியில் வந்த விருந்தாளி

மொட்டை மாடியில் கறிவேப்பிலை இலைமேல் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று தண்ணீர் பீய்ச்சப் போனேன், நல்லவேளை, அது நகர்ந்தது. கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு! பறவைகளை ஏமாற்றத்தான் சின்னதாக இருக்கும்போது அந்த எச்ச வேஷம். அப்புறம் தோலுரித்துப் பச்சையாகிவிடும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும்.

அன்றிலிருந்து எனக்குப் பட்டாம்பூச்சிப் பித்துதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. சிவப்புடல் அழகி என்கிற இன்னொரு பட்டாம்பூச்சி, புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பிலேயே சேர்த்துக்கொள்கிறது, அதனால் பறவைகள் அதை ஒதுக்கிவிடும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, நஞ்சே இல்லாமல், அதே சிவப்புப் புள்ளிகளை இறக்கையில் போட்டுக்கொண்டு தப்பித்துவிடுகின்றன. உடம்பைப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் அசல், கறுப்பாக இருந்தால் நம்ம கறிவேப்பிலை அழகி. கிண்டிப் பூங்காவில் முதல்முறை இதை நானே பிரித்துச் சொன்ன காலைப்பொழுதை மறக்கவே முடியாது, அவ்வளவு சந்தோஷம்.

சென்னை வெயிலில் எங்கே பட்டாம்பூச்சி என்று கேட்பவர்கள், காலி மனையில் நிற்கும் எருக்கஞ்செடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், வெந்தய வரியனின் வரிவரிப் புழு இருக்கலாம்.

தொட்டிக்கு இப்போது மருந்து அடிப்பதில்லை. தாளிக்க இலை பறிக்க வரும் அம்மாவிடம், "அந்தக் கிளையை மட்டும் விட்டுடுங்கம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.