காப்ளினுக்கு ஒரு புளிசோற்றுப் பொட்டலம்

நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை நடத்துவதில் எனக்கு மிகவும் பிடித்த நேரம், நான் எழுதி வைத்ததை விட்டுவிட்டு அவர்கள் வேறு பக்கம் திரும்பும் நேரம்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். எங்கள் குழுவில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எங்கே நிற்கிறார்கள், எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "என்ன பண்றீங்க?" என்று கேட்பேன். நடக்குமா நடக்காதா என்று சொல்ல முடியாத காரியமென்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். ஓரளவு கஷ்டமான காரியத்துக்கு, பாத்திரத்தின் திறமைப் புள்ளியையும் சேர்த்து 15 வந்தாக வேண்டும்.

எங்களில் ஒருத்தி பள்ளி ஆசிரியை, இரண்டு பேர் ஐடி, ஒருவன் வங்கியில் வேலை. வங்கிக்காரன் அதிகம் பேசமாட்டான். கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். அவன் எடுத்துக்கொண்டதோ பார்ட். பாட்டாலும் பேச்சாலும் காரியம் சாதிக்கும் பாத்திரம்.

மலைப்பாதையில் உப்பு வண்டியை மறிக்கும் மூன்று காப்ளின்களை, அதாவது குட்டிப் பூதங்களை, வைத்திருந்தேன். என் தாளில் அவற்றுக்கு இருந்ததெல்லாம் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7, ஆளுக்கொரு கத்தி. பெயர்கூடக் கிடையாது. இரண்டு ஓடிவிட்டன, ஒன்று மாட்டிக்கொண்டது. ஆசிரியையின் போர்வீராங்கனை வாளை ஓங்கிவிட்டாள்.

"இரு, நான் அதுகிட்ட பேசணும்" என்றான் வங்கிக்காரன். என் கண்ணைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"ரெண்டு நாளாச்சு." எனக்கே தெரியாமல் காப்ளின் குரலில் வந்துவிட்டது.

அவன் தன் பையிலிருந்து புளிசோற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவதாகச் சொன்னான். உருட்டச் சொன்னேன். பகடையில் 11, அவனுடைய பேச்சுத் திறமைக்கு 5, மொத்தம் 16. "உன் பேர் என்ன?" என்று கேட்டான். "குட்டான்" என்றேன். அன்றிலிருந்து அவர்கள் வண்டியை ஓட்டுவது குட்டான்தான்.

இந்த வகை விளையாட்டு பிறந்ததே இப்படித்தான். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். படைத்தலைவர்கள் மட்டுமல்லாமல் ஊர் மேயர் போன்ற வேடங்களையும் கொடுத்திருந்தார். படைகள் மோதுவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேரம் பேசினார்கள், சூழ்ச்சி செய்தார்கள். இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கே போய்விட்டார்கள். ஆட்டம் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை நடத்தச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974இல் கொண்டுவந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அன்று வெஸ்லி திட்டமிட்ட போர் மட்டும் ஒழுங்காக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சில டிஎம்கள் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டி, கதைக்கு வேண்டிய எண்ணைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆற்றங்கரைச் சண்டையில் குட்டான் அம்பு பட்டு விழுந்தபோது நடு மேசையில்தான் உருட்டினேன். விழுந்தவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உருட்ட வேண்டும்; 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி, கீழே போனால் தோல்வி. எது முதலில் மூன்று ஆகிறதோ அதுதான் முடிவு, பிழைப்பதோ சாவதோ. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்று வந்து நின்றது. ஆசிரியை எழுந்தே நின்றுவிட்டாள். வங்கிக்காரன் பகடையை என் கையிலிருந்து வாங்கி, தானே உருட்டினான். 14. அவன் போட்ட கூச்சலில் மேல்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னப்பா, மேட்ச் ஜெயிச்சிட்டாங்களா?" என்றார். நான் தடுப்புக்குப் பின்னால் உருட்டியிருந்தால் இந்தக் கூச்சல் வந்திருக்காது.

இப்போதெல்லாம் கதையின் முடிவை நான் எழுதுவதில்லை. சந்திக்கப்போகிறவர்களுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயம் என்று மட்டும் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைக்கிறேன். படகோட்டிக்கு மகளின் கல்யாணக் கடன். கோட்டைக் காவலனுக்கு இருட்டு என்றால் பயம். மிச்சத்தை அவர்கள் நால்வரும் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த சனிக்கிழமை குட்டானை அவன் ஊரில் கொண்டுபோய் விடப்போகிறார்களாம். அவனுடைய அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.