அம்மாவுக்குத் தனிச் சமையல் இல்லை

போன வருடம் ஆடி மாதம், ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்குப் போடாமல் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் சின்னக் கிண்ணம். மதியம் மிஞ்சிய சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து, ஒரு மாவடுவோடு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை மேடைமேல் வைத்துவிட்டார். "பசிக்குதுப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. அதற்கு மூன்று மாதம் முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.9 என்று வந்திருந்தது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னார் டாக்டர். நாங்கள் கட்டுப்படுத்தியது அம்மாவைத்தான். காலையில் அவருக்கு மட்டும் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் கோதுமை ரவை உப்புமா, ராத்திரி இரண்டு சப்பாத்தி. மற்ற நாலு பேருக்கும் பக்கத்திலேயே சாம்பார் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். ஒரே வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிச் சட்டி. அந்தச் சப்பாத்தியை அவர் என்ன முகத்தோடு சாப்பிட்டார் என்று நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் வீடு திருச்சி உறையூரில். சமையல் பெரும்பாலும் என் பொறுப்பு. மனைவி நர்ஸ். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி வரும். மகன் பதினொன்றாம் வகுப்பு, காலை ஆறேகாலுக்கு டியூஷன். மகள் ஏழாவது. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், எட்டே முக்காலுக்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். இதற்குள் தனித்தனியாக இரண்டு சமையல் செய்தால் இரண்டுமே அரைகுறைதான். அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் நைட் டூட்டி முடிந்து வந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "அத்தைக்கு மட்டும் பத்தியம் போட்டா எப்படிங்க? அத்தைக்கு ஆகாதது நமக்கும் ஆகாதுதானே. உங்களுக்கும் பிரஷர் இருக்குல்ல" என்றாள். உண்மைதான். அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு ரத்த அழுத்தம் 142/92 காட்டியிருந்தது. அந்தச் சீட்டை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தேன்.

சரி, முதலில் கணக்குப் பார்க்கலாம் என்று மளிகைச் சீட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குக் காய்கறி 400 கிராம், பருப்பு பயறு 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று அதில் இருக்கிறது. உப்பு 5 கிராமுக்கு மேல் போகக்கூடாது. இதை ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் பெருக்கினால் எண்ணெய் நாலரை லிட்டர், உப்பு முக்கால் கிலோ. நாங்கள் வாங்கியது ஏழு லிட்டர் எண்ணெய், ஒன்றரைக் கிலோ உப்பு. ஊறுகாய், அப்பளம், கடை மிக்சரில் இருக்கும் உப்பெல்லாம் இதில் சேராது. காய்கறி விஷயம் இன்னும் மோசம். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கே இரண்டு கிலோ வேண்டும். நாங்கள் இரண்டு கிலோவை மூன்று நாள் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆக, அம்மாவின் சாப்பாடு மட்டும் தப்பாக இல்லை. வீட்டுச் சட்டியே தப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தனிச் சமையல் கிடையாது. பொதுச் சமையலைத்தான் மாற்றினோம்.

உப்புக்கு ஒரு வழி செய்தேன். ஒரு தேக்கரண்டி உப்பு கிட்டத்தட்ட 5 கிராம். காலையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஐந்து தேக்கரண்டி தலைதட்டி எடுத்து அடுப்பு மேடையில் வைப்பேன். வீட்டுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் உப்பு. முதல் வாரம் மதியத்துக்குள் கிண்ணம் காலியாகிவிட்டது. அதுவரை கல் உப்பு ஜாடியில் கையை விட்டு, கைக்கு வந்ததைப் போட்டுப் பழகியவன் நான். சோறு வடிக்கும்போது போட்ட உப்பை நிறுத்தினேன். ரசத்தில் மிளகையும் பெருங்காயத்தையும் கூட்டினேன். பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று அம்மா இரண்டு வாரம் சொன்னார். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஓட்டல் சாம்பார்தான் கரிக்கிறது என்கிறாள் மகள்.

காய்க்கு வாரம் இரண்டு நாள் காலையில் தென்னூர் உழவர் சந்தைக்குப் போகிறேன். லால்குடி, தொட்டியம் பக்கமெல்லாம் வாழைதான், அதனால் தண்டும் பூவும் இங்கே எப்போதும் கிடைக்கும். இவ்வளவு நாள் நான் அவற்றை வாங்காததற்கு ஒரே காரணம் ஆய்வதற்கு ஆள் இல்லை என்பதுதான். அம்மாதான் கேட்டு வாங்கிக்கொண்டார். "நான் சும்மாதானே உக்காந்திருக்கேன், கொண்டா இப்படி" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பக்கத்தில் மோர் கலந்த தண்ணீர்ப் பாத்திரம் வைத்து உட்காருவார். விரலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார், கறை பிடிக்காமல் இருக்க. வாழைப்பூவின் மடலைத் திருப்பி ஒரு சீப்புப் பூவைக் கொத்தாக எடுப்பார். நுனியை உள்ளங்கையில் தேய்த்தால் பூ விரியும். நடுவில் தலை பருத்த தீக்குச்சி மாதிரி ஒரு நரம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கள்ளன். அதைக் கிள்ளி எறிவார். அடியில் கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும் செதிலையும் உரிப்பார். அது வேகவே வேகாது. தண்டு என்றால் வில்லையாக நறுக்கி, ஒவ்வொரு வில்லைக்கும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இழுப்பார். கடைசியில் விரலில் நூல்கண்டு மாதிரி நின்றிருக்கும். அம்மா இந்த வேலையில் உட்கார்ந்த பிறகு எனக்குக் காலையில் முக்கால் மணி நேரம் மிச்சம். ஐந்து மணிக்கு எழுந்தால் குக்கரின் அடித்தட்டில் பருப்பு, மேல்தட்டில் தண்டு. ஆறு மணிக்குள் கூட்டு தயார்.

பரிமாறும் வரிசையும் மாறியது. முன்பு தட்டில் மலையாகச் சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். இப்போது தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் சுண்டலும். அதைப் பாதியாவது சாப்பிட்ட பிறகுதான் சோறு, ஆளுக்கு இரண்டு கரண்டி. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று மனைவி சொல்லிக் கேட்டது. வளரும் பையன் என்பதால் மகன் மட்டும் மூன்றாவது கரண்டி கேட்பான், போடுவேன். அம்மாவுக்கும் அதே சோறுதான். கடைசியில் ஒரு கரண்டி தயிர்ச் சோறு, பாதி மாவடு.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பல வீடுகளில் இந்தத் தவறு நடக்கிறது. சர்க்கரைக்குக் கேழ்வரகு நல்லது என்று கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்தால் 243. மாவாக அரைத்துக் கூழாகக் குடித்தால் எந்தத் தானியமும் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறிவிடும். இப்போது அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் அள்ளிப் போட்டு அடையாகத் தட்டுகிறேன், தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. காலையில் எங்கள் எல்லோருக்கும் அதுதான். இட்லி மாவிலும் நாலு டம்ளர் அரிசியில் இரண்டு டம்ளரை வரகாக்கிவிட்டேன். மெத்தென்றே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் உண்டு, மாதம் ஒரு தடவை பிரியாணியும் உண்டு. அதில் கை வைக்கவில்லை.

எண்ணெய் இப்போது மாதம் ஐந்து லிட்டரில் நிற்கிறது, காய் ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ வரை வந்திருக்கிறோம். தை மாதம் எடுத்த பரிசோதனையில் அம்மாவுக்கு எச்பிஏ1சி 7.6. மாத்திரையும் சாயங்கால நடையும் அதில் சேர்த்தி. ராத்திரியில் சமையலறைச் சத்தம் கேட்பதில்லை. எட்டரைக்கு, மனைவி வீட்டில் இருக்கும் வாரங்களில் ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறோம். அம்மா தனக்கு இன்னும் ஒரு கரண்டி கூட்டு வேண்டும் என்று சத்தமாகக் கேட்கிறார்.

மகன் டியூஷன் முடிந்து வரும் வழியில் பஜ்ஜி சாப்பிடுவதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. வந்ததும் பசி தாங்காத வயசு. அதனால் அவன் வருவதற்குள் மேஜையில் சுண்டல் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். மொச்சையை ஊறப் போட்டுவிட்டேன். பாதி நாளைச் சுண்டலுக்கு, மீதி கத்திரிக்காயோடு குழம்புக்கு.