முழுதாக ஒரு நிமிடம்

நோயாளியின் மூச்சை எண்ணும்போது அதை அவரிடம் சொல்லக் கூடாது. நர்ஸிங் படிப்பின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தெரிந்துவிட்டால் அவர் கவனம் மூச்சின் மேல் போய்விடும், அதன் போக்கே மாறிவிடும். அதனால் நாடி பார்க்கிறேன் என்று மணிக்கட்டைப் பிடிப்போம். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், பார்வையை மட்டும் நெஞ்சுக்கு நகர்த்தி, அது ஏறி இறங்குவதை எண்ணுவோம். முழுதாக 60 நொடி. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருந்தால் இயல்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எண்ணவில்லை. பிரஷர் பார்க்க மெஷின் இருக்கிறது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர், விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் ஆக்சிஜன் அளவும் நாடியும் வந்துவிடும். மூச்சுக்கு மட்டும் ஓர் ஆள் நின்று பார்க்க வேண்டும். 30 கட்டில்கள், நைட் டியூட்டியில் நாங்கள் 2 பேர். ஒவ்வொரு சார்ட்டிலும் 20 என்று எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

ஓர் இரவு மூத்த சிஸ்டர் சார்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கட்டிலின் பக்கத்தில் போட்டார். "உட்காரும்மா. ஒரு நிமிஷம் உன்ன யாரும் கூப்பிடாம நான் பாத்துக்கறேன்."

எண்ணினேன். 28. கால் மணி நேரத்துக்கு முன்னால் அவருக்கும் 20 என்றுதான் எழுதியிருந்தேன்.

உடம்பு மோசமாகப் போகிறது என்பதைப் பல நேரம் மூச்சுதான் முதலில் காட்டும். பிரஷர் இறங்குவது அதற்கெல்லாம் பிறகு. பிரிட்டனில் 2012-ல் வந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு, நாடி, பிரஷர் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு, கூடினால் ஆபத்து; மூச்சு 25-ஐத் தொட்டாலே அதற்கான உச்ச மதிப்பெண்ணான 3 போடுகிறார்கள். அன்றிரவே அவரை ஐசியூவுக்கு மாற்றினோம். பிழைத்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்தும், அந்த 20-ஐ எழுதிய என் கையெழுத்து கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு ஒரு கட்டிலையும் விட்டதில்லை. முதல் சில வாரங்கள் பயத்தில்தான் எண்ணினேன். பிறகு எப்போதென்று தெரியாமல் அது வேறாகிவிட்டது. அதற்கு முன் நிம்மதியை லீவு நாட்களில் தேடிக்கொண்டிருந்தேன். தியானம் பழகலாம் என்று உட்கார்வேன், நாலைந்து நாளில் விட்டுவிடுவேன். இங்கே, விடியற்காலை 3 மணிக்கு, இன்னொருவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் என் மனசுக்குள் ஓடிய கணக்கெல்லாம் அடங்கிவிடும். கட்டிலுக்கு ஒரு நிமிடம், 30 கட்டிலுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை யாரும் எனக்குத் தனியாக ஒதுக்கித் தரவில்லை, வேலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: என் நிம்மதிக்காக என்று நினைத்து உட்கார்ந்தால் எண்ணிக்கை தவறிவிடும். அவருக்காக உட்கார்ந்தால்தான் வரும்.

எங்கள் வார்டில் ஓர் உதவியாளர் இருந்தார். விளக்குகளை அணைப்பதற்கு முன்னால் ட்ராலிச் சக்கரங்களுக்கு எண்ணெய் விடுவார். அது அவர் வேலையில் சேர்ந்ததல்ல, யாரும் கேட்கவும் இல்லை. தேவையில்லாத சத்தம் நோயாளிக்கு இழைக்கும் பெருங்கொடுமை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதிவைத்தார். இவர் அதைப் படித்தவரில்லை. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே வராத உதவி அது. அந்த ட்ராலி சத்தமில்லாமல் என்னைக் கடக்கும்போதெல்லாம் அவர்மேல் பெரிய மரியாதை வரும்.

நுரையீரல் நோயோடு நெடுநாள் எங்களிடம் இருந்த பெரியவர் ஒருவரை மறக்க முடியாது. தினமும் மணிக்கட்டைப் பிடிப்பேன், அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போகிற நாளில் கேட்டார்.

"நாடின்னு சொல்லிட்டு மூச்சைத்தானே எண்றீங்க?"

"தெரியுமா ஐயா?"

"முதல் வாரமே தெரியும். நான் பார்த்தா உங்களுக்கு எண்ணிக்கை தப்புமேன்னு அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்."

மூச்சு வாங்க, ஒரு வாக்கியத்தையே இரண்டாகப் பிரித்துப் பேசுகிற மனிதர் அவர். அந்த நிலையிலும் என் வேலை கெடக் கூடாது என்று பார்த்திருக்கிறார். நான்தான் அவரைக் கவனித்துக்கொள்கிறேன் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் சார்ட்டைப் பார்த்தேன். வரிசையாக 20. ஸ்டூலைக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் போட்டேன். அவள் ஒரு கையைப் பிடித்தாள், நான் மறு பக்கம் நின்று இன்னொரு கையைப் பிடித்தேன். முழுதாக ஒரு நிமிடம்.

"26, சிஸ்டர்" என்றாள் மெதுவாக. எனக்கும் 26.

எழுதிவிட்டு டாக்டருக்குப் போன் செய்யப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.